ஒன்பதரை கிராம் நைட்ரஜன் எங்கே போகிறது?

ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் சாப்பிடுகிறவரின் உடம்புக்குள் அதோடு சேர்ந்து சுமார் ஒன்பதரை கிராம் நைட்ரஜனும் போகிறது. புரதத்தின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன்தான். வளர்ந்துவிட்ட உடம்பு அதைச் சேர்த்து வைப்பதில்லை. பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் வந்தது அத்தனையும், பெரும்பாலும் சிறுநீரில் யூரியாவாக, ஓரிரு நாளில் வெளியேறிவிடும்.

இந்தக் கணக்கைக் காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள வல்லம் வடகாலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம். அங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் 2024 ஆகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு 18,720 பேர் தங்கக்கூடியது. அது நிரம்பியிருக்கும் நாளில் அங்கிருந்து வெளியேறும் நைட்ரஜன் சுமார் 180 கிலோ. விவசாயி வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று மேல் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இருக்கும். அப்படியானால் நாள்தோறும் எட்டு, ஒன்பது மூட்டை யூரியா; வருடத்துக்கு 65 டன் நைட்ரஜன். அந்தக் குடியிருப்பின் மீது குறை சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. அத்தனை பேர் எங்கே வசித்தாலும் கணக்கு இதுதான். ஓரிடத்தில் சேர்ந்து வசித்தால் கழிவுநீரைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிக்க முடியும் என்பது பெரிய வசதியும்கூட. இதே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழில்தடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களின் கழிவு பெரும்பாலும் செப்டிக் டேங்குக்குப் போகிறது. அதற்குக் கணக்கு வைப்பதே கடினம்.

இந்த நைட்ரஜனைப் பற்றிக் கடல் ஆய்வாளர்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? அவர்கள் கவலைப்படுகிறார்கள், அதற்குச் சரியான காரணமும் இருக்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மண்ணில் தொடங்குவோம். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அந்த வடிவத்தில் நெல்லுக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. அதன் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவும், நீலப்பச்சைப் பாசியும், மின்னலும் போன்றவை மட்டுமே நெடுங்காலம் அந்தப் பிடியைத் தளர்த்தி வந்தன. 1909இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். 1913இல் அது ஆலை உற்பத்தியானது. இன்று மனித உடலிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ பாதி ஏதோ ஒரு உர ஆலையின் வழியாக வந்தது என்றால் மிகையில்லை. இந்தக் கண்டுபிடிப்பு இல்லாமல் இத்தனை கோடிப் பேருக்குச் சோறு கிடைத்திருக்காது. ஆகவே நைட்ரஜனை விஷம்போல எழுதுவது தவறு. அளவும் இடமும்தான் இங்கே சிக்கல்.

காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். முன்பு ஏரிக்குக் கீழே ஆயக்கட்டு, ஆயக்கட்டில் நெல், வைக்கோல் மாட்டுக்கு, சாணம் குப்பைமேட்டுக்கு, குப்பை மறுபடி வயலுக்கு. தழைச்சத்து ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. விளைச்சல் குறைவு, பசி அதிகம். ஆனால் சுற்று மூடியிருந்தது. இப்போது வல்லம் வடகாலில் பொங்கும் சோற்றின் அரிசி எங்கோ ஒரு டெல்டா வயலில் விளைகிறது. அங்கே போட்ட யூரியா இங்கே கழிவுநீராக இறங்குகிறது. திரும்பிப் போக வழி இல்லை. வயல் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக யூரியா கேட்கிறது. தொழில்தடம் ஒவ்வொரு நாளும் புதிதாக நைட்ரஜனை வெளியேற்றுகிறது. வெளியேறுவது சரிவைத் தேடிப் போகும்.

இந்த வட்டாரத்தின் சரிவு கிழக்கே. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. ஒரகடம், மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் கலங்கல் தாண்டும் நீர் அடையாற்றின் தலைப்பகுதியில் சேர்கிறது. செம்பரம்பாக்கத்தில் திறந்துவிடும் நீரும் திருநீர்மலை அருகே அடையாற்றோடு கலக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுக்க இந்த வரைபடத்தை மனப்பாடம் செய்தது. வெள்ளம் வந்த பாதையிலேயேதான், வெள்ளம் இல்லாத நாட்களிலும், கண்ணுக்குத் தெரியாமல் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நகர்கின்றன. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

தழைச்சத்து மிகுந்த நீர் முதலில் தன் அடையாளத்தை ஏரியிலேயே காட்டிவிடும். ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும். அது இல்லாத இடத்தில் தண்ணீர் பச்சையாகத் திரளும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவே ஆக்சிஜனை உறிஞ்சும். பாசி செத்து அடியில் படியும்போது அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடையாறு முகத்துவாரத்தில் மடவையும் கெண்டையும் செத்து ஒதுங்குவது சென்னைக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

ஆக்சிஜன் தீர்ந்த நீரில் வேறொரு வேலை தொடங்குகிறது. சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விடுகின்றன. முழுமையாக நடந்தால் அது நல்ல செய்தி: காற்றிலிருந்து எடுத்தது காற்றுக்கே திரும்புகிறது. பாதியில் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். அதில் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில், 270 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் கடல் மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரமேஷ், ஆர். பூர்வஜா முதலானோரும் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து அடையாற்றிலும் அதன் முகத்துவாரத்திலும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் அளந்து 2008இல் வெளியிட்டார்கள். காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு இந்த வாயுக்கள் ஆற்று நீரில் கரைந்திருந்தன. ஆறு அவற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. நகரத்தின் சாக்கடைப் பிரச்சினை என்று நாம் ஒதுக்கி வைத்திருந்தது தட்பவெப்பப் பிரச்சினையும்தான் என்று காட்டிய ஆய்வு அது. வாயுவை அளப்பவர் இல்லாமல் ஆற்று நிபுணர் மட்டும் அதைச் செய்திருக்க முடியாது.

இனி கடல். கடலில் வாழும் நுண்பாசிகள்தான் அங்கே புல்லும் நெல்லும். உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி அவற்றால் வருகிறது. 1934இல் ஆல்ஃபிரெட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் ஓர் ஒழுங்கைக் கவனித்தார். எந்தக் கடலானாலும் நுண்பாசியின் உடம்பில் ஒரு பங்கு பாஸ்பரசுக்குச் சுமார் 16 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. ஆழ்கடல் நீரிலும் அதே விகிதம். உயிர்கள் கடலின் வேதியியலை எழுதுகின்றன, வேதியியல் உயிர்களை எழுதுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. உயிரியலாளரும் வேதியியலாளரும் பிறகு தனித்தனி அறையில் உட்கார்ந்து கடலைப் படிக்க முடியாமல் போனதற்கு அந்த ஒரு விகிதம் முக்கியக் காரணம்.

இதில் சிலிக்கா என்ற மூன்றாவது சரக்கும் உண்டு. டயாட்டம் என்ற நுண்பாசிக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு. நைட்ரஜன் வேண்டிய அளவுக்கு ஏறத்தாழ அதே அளவு சிலிக்காவும் அதற்கு வேண்டும். சாளையும், சாளை தின்னும் பெரிய மீனும் டயாட்டத்தை நம்பி இருப்பவை. சிலிக்கா பாறை கரைந்து ஆற்றில் வருவது. நடுவே அணை கட்டினால் அங்கேயே ஒரு பகுதி தங்கிவிடும். சாக்கடையும் உரமும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கொண்டுவருகின்றன, சிலிக்காவைக் கொண்டுவருவதில்லை. ஆகவே கடலில் சத்து கூடும்போது டயாட்டம் பின்தங்கி, சிலிக்கா தேவைப்படாத வேறு இனங்கள் முந்தக்கூடும். மொத்தப் பாசி அதிகமானால் மீனும் அதிகமாகும் என்று நினைப்பது அதனால்தான் ஏமாற்றும்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அடுத்த சில வாரங்களில் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்குள்ள மீனவர்கள் அந்தப் பாசியைப் பூங்கோரை என்கிறார்கள்; ஆய்வாளர்கள் நாக்டிலூக்கா என்கிறார்கள். அது கூட்டமாகப் பெருகினால் நீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியா கூடும். இது நகரத்துச் சாக்கடையால் வந்ததா, பருவக்காற்று ஆழத்து நீரை மேலே கொண்டுவந்ததால் வந்ததா, இரண்டும் சேர்ந்தா என்பது ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. நைட்ரஜன் அணுவில் 14, 15 என்று எடை சற்று வேறுபட்ட இரண்டு வகை இருக்கின்றன. காற்றிலிருந்து செய்யும் யூரியாவில் அவற்றின் விகிதம் காற்றில் உள்ளதைப் போலவே இருக்கும். மனிதக் கழிவிலோ எடை கூடிய வகை சற்று மிகுந்திருக்கும். கரையோரப் பாசியையோ நத்தையையோ எடுத்து அந்த விகிதத்தை அளந்தால், அது தின்ற நைட்ரஜன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். இதற்கு இயற்பியலாளரின் கருவி வேண்டும்; மாதிரியை எங்கே எப்போது எடுப்பது என்று சொல்ல மீனவர் வேண்டும். நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மாதத்தில் அடையாற்று நீர் மெரினாப் பக்கம் போகும். திரும்பி ஓடும் மாதத்தில் பெசன்ட் நகர்ப் பக்கம் போகும். முகத்துவாரத்தில் மணல் திட்டு எப்போது அடைக்கும், எப்போது உடையும் என்று அங்குள்ள ஊரூர்க்குப்பத்து மீனவப் பெரியவர்கள் செயற்கைக்கோள் படத்துக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். அவர்களையும் ஆய்வுக்குழுவின் உறுப்பினராக எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதுவரை சொன்னது கரையோரம். உண்மையான கவலை இன்னும் தள்ளி, வங்காள விரிகுடாவின் நடுவே, 100 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. அங்கே தடிமனான ஒரு நீரடுக்கில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. உலகில் இப்படிப்பட்ட பெரிய அடுக்குகள் சிலவே. அரபிக்கடலிலும், வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் மேற்கே பசிபிக்கிலும் உள்ள அடுக்குகளில் பாக்டீரியாக்கள் பெருமளவில் நைட்ரேட்டை வாயுவாக மாற்றுகின்றன. கடலின் உரம் அங்கே ஆவியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வங்காள விரிகுடாவில் அது நடக்கவில்லை என்பது நெடுநாள் புதிராக இருந்தது. வழக்கமான கருவிகள் அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் ஆக்சிஜன் சுழி என்றே காட்டின. அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்?

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும், டென்மார்க், ஜெர்மனி நாடுகளின் நுண்ணுயிரியலாளர்களும் வேதியியலாளர்களும் சேர்ந்து விடை தேடினார்கள். லாரா பிரிஸ்டோ முதன்மை ஆசிரியராக, கோவாவின் வாஜிஹ் நக்வி முதலியோருடன் எழுதிய கட்டுரை 2017இல் வந்தது. ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்டாக்ஸ் என்ற நுண்ணிய உணர்கருவியை இறக்கிப் பார்த்தபோது, சுழி என்று நினைத்த இடத்தில் ஆக்சிஜன் இருந்தது. மேற்பரப்பு நீரில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இருந்தது.

அந்தத் துளி ஆக்சிஜன் என்ன செய்கிறது என்பதுதான் இந்த ஆய்வில் என்னை மிகவும் பிடித்து நிறுத்திய பகுதி. பாக்டீரியாக்களின் நைட்ரஜன் பாதையில் நைட்ரைட் என்பது ஒரு கூட்டுச்சாலை. அங்கிருந்து ஒரு வழி வாயுவாக வெளியே போகிறது. இன்னொரு வழி மறுபடி நைட்ரேட்டுக்குத் திரும்புகிறது. திருப்பி அனுப்பும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், ஆனால் மிக மிகச் சிறிதே போதும். வங்காள விரிகுடாவில் அந்தச் சிறிதளவு இருப்பதால் அவை முந்திக்கொண்டு நைட்ரைட்டைத் தின்றுவிடுகின்றன. வாயுவாக்கும் பாக்டீரியாக்களும் அங்கே இருக்கின்றன. இரை கிடைக்காததால் அடங்கிக் கிடக்கின்றன. கொஞ்சம் ஆக்சிஜன் குறைந்தால் அவை விழித்துக்கொள்ளும். விரிகுடா விளிம்பில் நிற்கிறது என்று கடல் ஆய்வாளர்கள் சொல்வதற்கு இதுதான் பொருள்.

விளிம்பில் நின்றும் விழாமல் பிடித்து வைத்திருப்பது எது? ஆறுகள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி எல்லாம் கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட எடை குறைந்ததால், குடத்துக்கு மூடி போட்டாற்போல மேலே பரவுகிறது. கீழே இருக்கும் சத்து எளிதில் மேலே வர முடிவதில்லை. அதனால் நடு விரிகுடாவில் பாசி குறைவு. மூழ்கி அழுகுவதும் குறைவு. ஆக்சிஜன் செலவும் குறைவு. இன்னொன்று, ஆற்று வண்டல். 1980களின் இறுதியில் ஜெர்மனியின் ஹம்பர்க் ஆய்வாளர்களும் கோவா நிறுவனத்தாரும் விரிகுடாவின் ஆழத்தில் புனல் வடிவப் பொறிகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து விழுவதை மாதக்கணக்கில் சேகரித்தார்கள். வேணுகோபாலன் இட்டேக்கோட் முதலானோர் 1991இல் அதன் முடிவை எழுதினார்கள். ஆறு கொண்டுவரும் களிமண் துகள் செத்த பாசியோடு ஒட்டிக்கொண்டு அதை விரைவாக ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. நடு அடுக்கில் தங்கி அழுக நேரம் இல்லாததால் அங்கே ஆக்சிஜன் மிஞ்சுகிறது.

இப்போது நிலத்துக்குத் திரும்பிப் பாருங்கள். வண்டலை அணைகள் பிடித்துக்கொள்கின்றன. நைட்ரஜனை வயலும் நகரமும் கூட்டுகின்றன. சூடாகும் நீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைகிறது. விளிம்பில் இருப்பதை மூன்று பக்கமும் தள்ளுகிறோம். வல்லம் வடகாலின் 65 டன் இதில் கடுகளவு. அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் விரிகுடாவைச் சுற்றி இதுபோன்ற தொழில்தடங்கள், நகரங்கள், டெல்டாக்கள் எத்தனை என்று எண்ணினால் கடுகு மலையாகும்.

அரபிக்கடல் ஓர் எச்சரிக்கை. நம் மேற்குக் கரையோரக் கடலில் கோடைக்குப் பின் ஆக்சிஜன் தீர்ந்துபோவதும், அங்கிருந்து நைட்ரஸ் ஆக்சைடு பெருமளவில் கிளம்புவதும் தீவிரமாகிவருவதை நக்வியும் சகாக்களும் 2000இலேயே எழுதினார்கள். கருங்கடல் ஓர் ஆறுதல். 1990களின் தொடக்கத்தில் சோவியத் அமைப்பு சரிந்தபோது உர மானியம் நின்றது, பெரிய கால்நடைப் பண்ணைகள் மூடின. சில ஆண்டுகளில் கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் உயிரற்றுக் கிடந்த பரப்பு சுருங்கியது. கடல் மீளக்கூடியது. ஆனால் அந்த மீட்சிக்கு உழவர்கள் கொடுத்த விலையை யாரும் விரும்பிக் கேட்கக்கூடாது.

இலங்கை அந்த விலையை அண்மையில் கொடுத்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இதில் வேதனை என்னவென்றால், அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2019 அக்டோபரில், கொழும்பிலேயேதான் நாடுகள் கூடி நைட்ரஜன் வீணாவதை 2030க்குள் பாதியாக்குவோம் என்று பிரகடனம் செய்தன. அதில் சொன்னது வீணாவதைக் குறைப்பது. உரத்தையே நிறுத்துவது அல்ல. வயலில் போடும் தழைச்சத்தில் பாதிக்கும் மேல் பயிருக்குப் போகாமல் காற்றிலும் நீரிலும் போவது நெல்லில் சாதாரணம். அந்தப் பாதியைப் பிடித்தால் உழவருக்கும் லாபம், கடலுக்கும் லாபம்.

2019இல் தொடங்கிய தெற்காசிய நைட்ரஜன் மையம் இந்தப் பார்வையோடு உருவான கூட்டு ஆய்வு. பிரிட்டனின் நிதியில், எட்டு தெற்காசிய நாடுகளின் நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நிலைத்த கடற்கரை மேலாண்மை மையமும் பங்கேற்றது. நெல் வயலில் ஆய்வு செய்பவர், இமயமலைக் காட்டின் மரப்பாசியைப் பார்ப்பவர், பவளப்பாறையைப் பார்ப்பவர், உர மானியத்தை ஆராயும் பொருளியலாளர், சட்டங்களைத் தொகுப்பவர் என்று ஒரே அணுவைத் தொடரும் பலர். இப்படிக் கூடுவது நமக்குப் புதிதல்ல. 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் சுமார் 40 கப்பல்கள் பங்கேற்றன. அதன் விளைவாகத்தான் 1966 ஜனவரி 1 அன்று கோவா நிறுவனம் பிறந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கூட்டு கடலுக்குள்ளேயே நடந்தது. இன்றைய கூட்டு கரையேறி, ஏரிக்கரை வழியாக, வயலுக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் வந்தாக வேண்டும்.

தொட்டி என்றதும் சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே காற்று ஊதும் தொட்டியில் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நீர் தெளிந்துவிடும், நாற்றம் போய்விடும். நைட்ரஜன் மட்டும் வடிவம் மாறி அப்படியே இருக்கும். காற்று ஊதாத இன்னொரு தொட்டியில் அந்த நீரைச் சுற்றவிட்டால்தான் வேறு பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கி வெளியேற்றும். விரிகுடாவின் நடு அடுக்கில் அடங்கிக் கிடக்கும் பாக்டீரியாக்கள் செய்யக்கூடியதும் இதே வேலைதான். இங்கே கான்கிரீட் தொட்டிக்குள் அவை அதைச் செய்தால் நமக்கு நன்மை. அங்கே கடலுக்குள் செய்யத் தொடங்கினால், கடலின் உரமே ஆவியாகப் போகும் பேராபத்து. கடல் நுண்ணுயிரியலாளரும் சுத்திகரிப்புப் பொறியாளரும் ஒருவரை ஒருவர் தேடிப் போவதற்கு இது ஒன்றே போதும்.

சட்டம் இதில் தடுமாறியிருக்கிறது. கழிவுநீர் நிலையங்களுக்கான மத்திய அரசின் 2015 வரைவில் நைட்ரஜனுக்கு வரம்பு இருந்தது. 2017 அக்டோபரில் வந்த அறிவிக்கையில் அது இல்லை. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் சேர்த்துக் கடுமையான தரங்களை வகுக்கச் சொன்னது. அளக்கக் கேட்காததை யாரும் அளப்பதில்லை. கடலில் நானோ அளவில் ஆக்சிஜனைத் தேடிக் கப்பல் அனுப்பும் நாட்டில், கரையிலுள்ள தொட்டியின் அறிக்கைத் தாளில் ஒரு வரி விடுபட்டுப் போனது சரியல்ல.

இந்தத் தொழில்தடத்தில் நல்ல காரியங்களும் நடக்கின்றன. சென்னைக் குடிநீர் வாரியம் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, சவ்வூடு பரவல் முறையில் வடித்து, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்பூங்காக்களுக்குக் குழாயில் அனுப்பும் திட்டத்தை 2019இல் தொடங்கியது. அத்தனை நன்னீர் ஏரியில் மிஞ்சுகிறது. இதை மனதாரப் பாராட்டலாம். அதே நேரம், சவ்வில் தடுக்கப்பட்ட உப்பும் நைட்ரேட்டும் ஒதுக்கு நீரில் திரண்டு நிற்கும் என்பதையும், அது எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் ஆய்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாகனத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. டீசல் எஞ்சினின் சூட்டில் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து புகையாக வந்து, மழையில் நைட்ரேட்டாக மண்ணுக்கு இறங்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் கனரக வண்டிகளில் டிஇஎஃப் என்ற திரவத்தை ஊற்றுகிறார்கள். பெட்ரோல் பங்கில் வாளியில் விற்பார்களே, அதுதான். அதில் 32.5 விழுக்காடு யூரியா. அது புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைத் தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாக மாற்றுகிறது. வயலில் மேலுரமாகத் தூவும் அதே யூரியா, ஒரகடத்துச் சாலையில் லாரியின் புகைக்குழாயில் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

இங்கே எஞ்சியிருக்கும் வயல்களுக்கு உடனே கைக்கு எட்டும் கருவி இலை வண்ண அட்டை. நெல் இலையின் பச்சையை அட்டையின் பட்டைகளோடு ஒப்பிட்டு, வெளிறினால் மட்டும் யூரியா போட வேண்டும். கருகருவென்று இருக்கும் பயிருக்கு மேலும் போட்டால் பூச்சிதான் விழும் என்று எந்த மூத்த விவசாயியும் சொல்வார்.

ஊராட்சி மன்ற உறுப்பினரோ பள்ளி அறிவியல் ஆசிரியரோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. உங்கள் ஊர் ஏரிக்கு அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் பரிசோதனை அறிக்கையில் மொத்த நைட்ரஜன், மொத்த பாஸ்பரஸ் என்ற இரண்டு வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எழுதிக் கேளுங்கள். ஏரி நீரைச் சோதிக்க யாராவது வந்தால், கோடையில் ஒரு குடுவை எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். வடகிழக்குப் பருவத்தின் முதல் கனமழை பெய்து, கலங்கலில் தண்ணீர் தாண்டத் தொடங்கும் அன்றும், அதற்கடுத்த சில நாட்களும் எடுக்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுக்கச் சேர்ந்த சத்தில் பெரும்பகுதி அந்தச் சில நாட்களில்தான் கிழக்கே புறப்படுகிறது.